எண்பத்தேழு மில்லி செகண்ட்

1. ஆறு இலக்கம்

ஓய்வு பெற இன்னும் 143 நாள் இருந்தபோது நான் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் நான்கு வரி. மூன்று வரி சரி. மூன்றாவது வரி மட்டும் தப்பு. அந்த ஒரு வரியால், ஓர் ஆளை வேலைக்கு உள்ளே விடுகிற கேட் பாஸ் 23 நாள் முடங்கிக் கிடந்தது. கருவிகள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும் என்று எழுதுகிறேன்.

2014 கோடை. முதல் ஷிப்ட். சுரங்கத்தில் ஒரு பெல்ட் கன்வேயர் காலை 10.42க்கு நின்றது. வெட்டும் இயந்திரத்தின் பல் ஒன்று கழன்று நிலக்கரியோடு பெல்ட்டில் விழுந்து, நிலக்கரி கொட்டும் ஷூட்டில் செருகிக்கொண்டு, பெல்ட்டை 61 மீட்டர் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கன்வேயரின் வால் முனையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் ஜெயசீலன், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். 38 வயது. 11 வருடமாக கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியலில் அந்த வருடம்தான் அவர் பெயர் முதல்முறையாக வந்திருந்தது.

கேள்வி ஒன்றுதான். ஜெயசீலன் கிழிசலைப் பார்த்து அவசரக் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்தினாரா? இல்லை, ஓவர்லோடில் மோட்டார் தானாக நின்ற பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்து பேருக்குக் கயிற்றை இழுத்தாரா?

ஓவர்லோடில் மோட்டார் நின்றால் அதன் ரிலேவில் ஒரு சின்னக் கொடி விழும். அதைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆனால் பெல்ட்டைச் சீக்கிரம் ஓட்ட வேண்டிய அவசரத்தில் எல்லா ரிலேக்களையும் யாரோ ரீசெட் செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே சாட்சி, கட்டுப்பாட்டு அறைக் கணினி தானாக எழுதும் நேரப் பதிவான லாக். அது என் பொறுப்பு.

லாக் இப்படிச் சொன்னது: மோட்டார் நின்றது 10:42:16.204118. கயிறு இழுபட்டது 10:42:16.291406. கயிறு 87 மில்லி செகண்ட் பின்னால்.

விசாரணை அதிகாரியான டெபுடி சீஃப் என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்த டைம் எவ்ளோ கரெக்டு?"

"ரெண்டு சிக்னலுக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் டைம் போடுது சார். ஒரே கடிகாரம். பாயின்ட்டுக்கு அப்புறம் ஆறு இலக்கம் வருது."

"அப்ப சந்தேகமே இல்ல?"

"இல்ல சார்."

அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரி: 'இந்தப் பதிவின் நேரம் ஒரு மில்லி செகண்டுக்குள் துல்லியமானது.' வீட்டில் கேஸ் வால்வை நான்கு முறை பார்க்காமல் படுக்காத நான், இதை ஒரு முறைகூடச் சரி பார்க்காமல் எழுதினேன். ஆறு இலக்கம் இருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

2. பழைய ஆர்ச் கேட்டில் ஐந்து நிமிடம்

மறுநாள் காலை ஆர்ச் கேட் நிறுத்தத்தில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெயசீலன் வந்தார். கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. வேலை இல்லை என்று வீட்டில் சொல்லவில்லை போல.

"சார், நீங்கதான எழுதிக் குடுத்தது?"

"லாக் என்ன சொல்லுதோ அதத்தாம்பா எழுதினேன்."

"நான் பாத்துகினே இருந்தேங்க. பெல்ட்டு நடுவுல ஒரு கோடு மாதிரி வருது. என்னாடாது, தண்ணி ஓடுதான்னு பாத்தா, கிழிஞ்சிகினு வருது. ஒடனே கயித்த இஸ்தேன். நான் இஸ்தப்புறம்தாங்க நின்னுச்சி. தூங்குற ஆளு எப்பிடிங்க இஸ்பான்?"

"மோட்டார் நின்ன சத்தம் கேட்டு எழுந்திருக்கலாம்னு சொல்றாங்க."

"நீங்க என்னாங்க சொல்றீங்க?"

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். சுரங்கத்துக்குப் போகிற வழியில் 14 வேகத்தடை. அன்றைக்கு 14ஐயும் உணர்ந்தேன்.

மோட்டார் நின்ற சத்தம் கேட்டு எழுந்து, கையை நீட்டி, கயிற்றை இழுக்க வேண்டும். எல்லாம் 87 மில்லி செகண்டுக்குள். ஒரு செகண்டில் பதினொன்றில் ஒரு பங்கு. முடியுமா?

3. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்

மாலை குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் பேத்தியின் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். என் மனைவியிடம் கொடுத்து, மேல் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கீழ் நுனியில் என் இரண்டு விரலையும் தொடாமல் வைத்துக்கொண்டேன். அவள் சொல்லாமல் விட வேண்டும், நான் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தேன் என்று பார்த்தால் எத்தனை நேரம் ஆனது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"எதுக்கு இது?"

"விடு, சொல்றேன்."

"அடுப்புல பால் இருக்கு."

"சிம்ல வெச்சிட்டு வா."

முப்பது முறை விட்டாள். என்னுடைய நல்ல பிடி 19 சென்டிமீட்டர். அதாவது 197 மில்லி செகண்ட். நான்கு முறை ஸ்கேல் தரையிலேயே விழுந்தது. பிறகு நான் விட, அவள் பிடித்தாள். 17 சென்டிமீட்டர்.

"இதுல எனக்குத்தான் ஃபர்ஸ்ட்டா?" என்றாள்.

87 மில்லி செகண்டில் பிடிக்க வேண்டுமானால் ஸ்கேல் நான்கு சென்டிமீட்டர் விழுவதற்குள் பிடித்திருக்க வேண்டும். முழு விழிப்போடு, விரலை அருகிலேயே வைத்துக்கொண்டு, இதற்கென்றே காத்திருந்த எங்கள் இருவராலும் முடியவில்லை. தூங்கி எழுந்தவரால் எப்படி முடியும்?

அப்படியென்றால், மோட்டார் நிற்பதற்கு முன்பே ஜெயசீலனின் கை கயிற்றில் இருந்திருக்கிறது. நான் எழுதிக்கொடுத்த நேரத்தை நம்பினால்கூட அவர் தூங்கவில்லை. நேரமே தப்பாக இருந்தால்?

பால் பொங்கிவிட்டது. அதற்கு நான் வாங்கிய திட்டை இங்கே எழுதவில்லை.

மறுநாள் என் மேலதிகாரி கோவிந்தராஜ் சாரிடம் ஸ்கேல் கணக்கைக் காட்டினேன். என்னைவிட 14 வயது சின்னவர். கெட்டவர் இல்லை. எந்த விஷயத்தையும் கோப்பாகத்தான் பார்ப்பார்.

"சார், என்கொயரில போயி ஸ்கேல வெச்சிப் பேசுவீங்களா? அவங்க கேக்கறது லாக். லாக் கரெக்டுன்னு கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப லாக்ல என்ன தப்புன்னு சொல்லுங்க. இல்லன்னா விடுங்க."

4. என் நோட்டில் ஒரு வரி

என்னிடம் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். செய்த வேலையெல்லாம் அதில் வரிசை எண்ணோடு இருக்கும். அது 31வது நோட்டு. சம்பவத்துக்கு முந்தைய மூன்று மாதத்தைத் திருப்பினேன். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

'வரிசை எண் 212. கட்டுப்பாட்டு அறை லாக் கணினி. தெற்கு கம்பத்து லிங்க் ஒயர்லெஸ் கார்டு பழுது. ஸ்டோரில் இல்லை. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் பொருத்தியது. வேலை செய்கிறது.'

கையெழுத்து என்னுடையது. சம்பவத்துக்கு 43 நாள் முன்பு.

அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கன்வேயரை வெட்டு முகம் நகர நகரப் பெயர்த்து நகர்த்துவார்கள். கயிற்றை இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் கம்பி பெல்ட்டோடு சேர்ந்தே நகர்ந்துவிடும். ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு கேபிள் போட்டால் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். அதனால் தகவல் மட்டும் ஒயர்லெஸ். மோட்டார் நின்றதென்ற தகவல் தலை முனையிலிருந்து வடக்கு கம்பம் வழியாக வரும். கயிறு இழுபட்டதென்ற தகவல் வால் முனையிலிருந்து தெற்கு கம்பம் வழியாக வரும். ஒரே கணினி, இரண்டு கார்டு. அனுப்பும் இடத்தில் கடிகாரம் கிடையாது. தகவலைச் சுமந்த பாக்கெட் வந்து சேர்ந்ததும் கணினிதான் நேரத்தைப் போடும்.

வந்து சேர்ந்ததும் என்றால் எப்போது? அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். பாக்கெட் ஆன்டெனாவில் விழுகிற நொடி வேறு. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை வாங்கி கணினியிடம் கொடுக்கிற நொடி வேறு. எங்கள் லாக்கில் இருந்தது இரண்டாவது நேரம். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற தேதி கடிதம் எழுதிய தேதி ஆகாது. எனக்கு அது தெரியும். கடிதத்தில் தெரிந்தது, பாக்கெட்டில் தோன்றவில்லை.

வடக்கு கார்டு தொழிற்சாலைக்கென்றே செய்தது. எந்நேரமும் விழித்திருக்கும். தெற்கே நான் பொருத்தியது லேப்டாப் கார்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்க அது இடையிடையே தூங்கும். தூங்கும்போது வருகிற பாக்கெட்டை கம்பத்தில் உள்ள பெட்டி தன்னிடமே பிடித்து வைத்திருக்கும். அந்தப் பெட்டி 102.4 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, யார் யாருக்கு பாக்கெட் காத்திருக்கிறது என்று அறிவிக்கும். எங்கள் கார்டு மூன்று அறிவிப்புக்கு ஒரு முறைதான் கண் விழிக்கும். அதாவது ஒரு பாக்கெட் 307 மில்லி செகண்ட் வரை காத்துக் கிடக்கலாம். பிறகு வந்து சேரும். அந்த நேரத்தை டிரைவர் ஆறு இலக்கத்தோடு பெருமையாக எழுதும்.

பேட்டரியே இல்லாத, மெயின் கரண்டில் ஓடுகிற கணினியில், பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஜெயசீலன் தூங்கினார் என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. கோவிந்தராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"கார்டு கோளாறுன்னு மட்டும் எழுதுங்க. நீங்க லேப்டாப்புலருந்து கழட்டி மாட்டினது யாருக்குத் தெரியும்?"

"நோட்டுல இருக்கு சார்."

"உங்க நோட்ட உங்களத் தவிர யாரு படிக்கப் போறா? ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தன நாள் இருக்கு?"

"நூத்தி முப்பத்தாறு."

"பாத்துக்கங்க. அனுமதி இல்லாம மாத்தினதுக்கு மெமோ வந்தா, போற நேரத்துல ஃபைல்ல நிக்கும்."

மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் இரண்டு முறை போட்டுவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்தால் 200 பக்க நோட்டில் 198 பக்கம் இருக்கும். கிழித்தது எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதாதா என்ன, தூக்கம் கெடுவதற்கு?

5. இருநூறு இழுப்பு

காரணம் தெரிந்தால் போதாது, காட்ட வேண்டும். பராமரிப்புக்காக கன்வேயர் நிற்கிற ஒரு காலை ஷிப்டில் பெர்மிட் வாங்கினேன். மோட்டாருக்குப் போகிற மெயின் சப்ளையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டு, கன்ட்ரோல் சப்ளையை மட்டும் கொடுத்தோம். கயிற்றை இழுத்தால் பெல்ட் அசையாது. ஆனால் மோட்டாரின் கரண்டை வெட்டும் கான்டாக்டர் 'டக்' என்று விடும். அந்தத் தகவலும் கயிற்றின் தகவலும் நிஜம்போலவே லாக்கில் ஏறும்.

கயிறு முதலில், கான்டாக்டர் பிறகு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கயிற்றை இழுக்காமல் அது விடாது. இடையில் சுமார் 40 மில்லி செகண்ட்.

நான் வால் முனையில் நின்றேன். கட்டுப்பாட்டு அறையில் டெக்னீஷியன் தமிழரசி. கையில் வாக்கி டாக்கி. பெருமாத்தூர்ப் பெண். வேலையிலும் வாயிலும் கெட்டி.

"ஒண்ணு," என்றேன். இழுத்தேன்.

"சார், மோட்டார் முன்னாடி. கயிறு பின்னாடி. நூத்தி அம்பத்திரண்டு."

"ரெண்டு."

"மோட்டார் முன்னாடி. அறுபத்தியேழு."

"மூணு."

"இது கயிறு முன்னாடி சார். அதிசயமா இருக்கு."

ஒவ்வொரு முறையும் இழுத்தபின் ஸ்விட்ச்சின் லீவரைத் தூக்கி ரீசெட் செய்ய வேண்டும். வெயில் ஏறியது. எழுபதாவது இழுப்பில் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

"சார், நூறோட நிறுத்திக்கலாமா? டேபிள் நல்லாத்தான இருக்கு."

"இருநூறுன்னு பெர்மிட்ல எழுதியிருக்கேன்மா."

"பெர்மிட்டுல எழுதினா கை வலிக்காதா? தண்ணி குடிச்சிட்டாவது இழுங்க. நீங்க விழுந்தா அதுக்கு யாரு டைம் போடறது?"

இருநூறு முடிந்தபோது மணி 11.50. தமிழரசி கூட்டிச் சொன்னாள். 200 முறை நான் கயிற்றை இழுத்தேன். அதில் 171 முறை, நான் இழுப்பதற்கு முன்பே மோட்டார் தானாக நின்றுவிட்டது என்று லாக் எழுதியிருந்தது. அதிகபட்சம் 264 மில்லி செகண்ட் முன்பு.

பிறகு அந்தக் கார்டைத் தூங்கவைக்கும் பவர் சேவ் வசதியை அணைத்துவிட்டு இன்னும் 50 முறை இழுத்தேன். 50க்கு 50 கயிறுதான் முதலில்.

வாக்கி டாக்கியில் தமிழரசி கேட்டாள். "சார், அப்ப அந்த ஆள நாமதான் மாட்டிவிட்டமா?"

"நீ இல்லம்மா. நான்."

6. மூன்றாவது வரி

விசாரணை அறையில் ஆறு நாற்காலி. ஐந்து பேர். ஆறாவதில் ஜெயசீலன். சலவைச் சட்டை போட்டு நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அட்டவணையைக் கொடுத்தேன். டெபுடி சீஃப் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான்கு பக்கம்.

"அப்ப கயித்ததான் மொதல்ல இழுத்தாருன்னு சொல்றீங்களா?"

"அப்படி நிரூபிக்க முடியாது சார். அன்னிக்கு கார்டு எவ்ளோ நேரம் தூங்கிச்சின்னு எங்கயும் பதிவாகல. யாரு முன்னாடின்னு இந்த லாக்கால சொல்லவே முடியாது. அதத்தான் சொல்றேன்."

"நீங்க குடுத்த சர்ட்டிஃபிகேட்?"

"மூணாவது வரி தப்பு சார். வாபஸ் வாங்கறேன்."

"லேப்டாப் கார்ட அங்க யாரு மாட்டினது?"

கோவிந்தராஜ் சார் ஜன்னலைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து வரிசை எண் 212ஐப் படித்தேன்.

"அனுமதி வாங்கினீங்களா?"

"இல்ல சார். ஸ்டோர்ல கார்டு இல்ல. லிங்க் நிக்கக் கூடாதுன்னு மாட்டிட்டேன்."

"நல்லது நெனச்சி செஞ்சீங்க. சரி. ஒரு மில்லி செகண்டுன்னு எத வெச்சி எழுதினீங்க?"

"ஆறு இலக்கம் இருந்திச்சி சார்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிறகு ஸ்கேல் கணக்கையும் சொன்னேன். டெபுடி சீஃப் மேஜையில் இருந்த ஸ்கேலை எடுத்து, பக்கத்தில் இருந்தவரை விடச் சொல்லி, தானே பிடித்துப் பார்த்தார். 22 சென்டிமீட்டர். ஸ்கேலைப் பழைய இடத்தில் வைத்தார்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. லாக்கைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெயசீலன் மேல் குற்றம் இல்லை. கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. பட்டியலில் பெயர் நின்றது. எனக்கு மெமோ வந்தது. ஒன்றரைப் பக்கம். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறுகிற நாள்வரை தபால் வரும்போதெல்லாம் அனுப்பியது யார் என்றுதான் முதலில் பார்த்தேன். வேறு ஒன்றும் வரவில்லை.

7. ஒரே ஒரு வாட்டி

கேட் பாஸ் கிடைத்த மறுநாள் ஜெயசீலனை சுரங்க கேன்டீனில் பார்த்தேன். எனக்கும் சேர்த்து டோக்கன் எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார். இட்லியைப் பாதி சாப்பிட்டதும் கேட்டார்.

"தோளு எப்பிடி இருக்குதுங்க?"

"யார் சொன்னா?"

"அந்தத் தமிழரசிப் பொண்ணுதான் சொல்லிச்சி. எரநூறு வாட்டி இஸ்தீங்களாமே."

"இருநூத்தம்பது."

அவர் சிரித்தார். அது முழுச் சிரிப்பில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் ஒரே ஒரு வாட்டிதாங்க இஸ்தேன். அன்னிக்கு பஸ்ஸுல ஏறாம கேட்டிருந்தீங்கன்னா, நானே சொல்லியிருப்பேன்."

"சொன்னியேப்பா."

"சொன்னேன். நீங்க கேக்கல."

நான் 250 முறை எண்ணியதில் இந்த ஒன்று எண்ணிக்கைக்கு வரவில்லை.

இளையவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒரு பதிவில் நேரத்தைப் பார்த்தால், அதை எழுதியது எது, எந்த இடத்தில் நின்றுகொண்டு எழுதியது என்று முதலில் கேளுங்கள். கார்டா, டிரைவரா, அதற்கும் மேலே இருக்கிற மென்பொருளா? எத்தனை இலக்கம் என்பதை வைத்து நம்பாதீர்கள். தெரிந்த ஒரு சம்பவத்தை நீங்களே உண்டாக்கி, அதைப் பதிவு சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் அதன் பிழை எவ்வளவு என்றும் எழுதுங்கள். அது தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். அந்த வரிக்கும் கையெழுத்துப் போடலாம். அதில் அவமானம் இல்லை.

இதெல்லாம் இரண்டாவது. எதிரில் நின்று ஒருவர் சொல்லும்போது பஸ் வந்தால், அந்த பஸ்ஸை விட்டுவிடுங்கள். அன்றைக்கு அடுத்த பஸ் 12 நிமிடத்தில் இருந்தது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.